படிக்காமல் போட்ட கையெழுத்து

என் கையெழுத்து பார்ப்பதற்கு நன்றாக இருக்கும். இதை நானே சொல்லக் கூடாதுதான், ஆனாலும் உண்மை அதுதான். முதல் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டு, நடு எழுத்துகளை நெருக்கி, கடைசி எழுத்தின் வாலை இழுத்து அடியில் கோடாக ஓடவிட்டு, கோட்டுக்குக் கீழே ஒரு புள்ளி வைப்பேன். வங்கிக்குப் போனால் என் புடவையைப் பார்த்துவிட்டு, கைநாட்டு வைக்க மை டப்பாவை நகர்த்துவார்கள். நான் பேனாவைக் கேட்பேன். போட்டு முடித்ததும் அவர்கள் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் அங்கிருந்து நகர்வேன்.

அந்தக் கையெழுத்தால் ஒரு பெண்குழந்தைக்கு நான் செய்த கெடுதலைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். நான் சொல்லச் சொல்ல எழுதுவது நூலகத்தம்மா. வாசகர் வட்டத்தில் படிக்க ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டார். நல்லதாக நாலு வார்த்தை எதிர்பார்த்திருப்பார். என்னிடம் இருப்பது இது. எழுத்தின் சுத்தம் அவருடையது, விஷயம் என்னுடையது. எதையும் மூடி எழுதாதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

அம்பத்தூர் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் பெருக்கித் துடைக்கிற வேலையில் இருந்தேன். இருபது வருடத்துக்கு மேல் இருந்தேன். இரண்டாம் வகுப்பில் பாதியில் நின்ற படிப்பு எனக்கு. அச்செழுத்தாக இருந்தால், பெரிதாகவும் இருந்தால், ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்துவிடுவேன். கையால் எழுதியது என்றால் எறும்பு ஊர்கிற மாதிரிதான் தெரியும். எண் மட்டும் எனக்குத் தடங்கலே இல்லாமல் வரும். பஸ் நம்பரைத் திருப்பத்திலேயே சொல்வேன்.

படிக்க வராதே தவிர, அங்கே எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். துடைக்கிறவளுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? சட்டம் என்றால் பச்சை முதுகு, கதவுக்கு இடப்பக்கம். கணக்குப் புத்தகங்கள் கீழ்த்தட்டில், எல்லாம் தடியாக, மூலை மடங்கிக் கிடக்கும். அரசாங்க வேலைப் பரீட்சைக்குப் படிக்க வருகிற பிள்ளைகள் நூலகத்தம்மாவைக் கேட்பதை விட்டுவிட்டு என்னைத்தான் கேட்பார்கள். ஒருநாள் அதில் ஒருவன், “இந்த லைப்ரரியை முழுசா படிச்சது நம்ம ஆயாம்மாதான்பா” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், இல்லை என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லாமல் விட்டது அப்படியே வளர்ந்தது.

கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டதும் அங்கேதான். வருகைப் பதிவேட்டில் கைநாட்டு வைக்க வெட்கமாக இருந்தது. முன்பு இருந்த நூலகர் ஒருவர் என் பெயரை ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தார். மூன்று மாதம் மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் அதையே எழுதினேன். எனக்குக் கையால் எழுத வந்த ஒரே வார்த்தை அது.

வேலையை விட்டு நிற்கிற அன்றைக்கு, இப்போதைய நூலகத்தம்மா எனக்கு ஒரு பரிசு கொடுத்தார். என்னை நூலக உறுப்பினராகச் சேர்த்து, என் படம் ஒட்டிய அட்டையைக் கையில் வைத்தார். “இனிமே பெருக்க வராதீங்க ஆயாம்மா, படிக்க வாங்க” என்றார். அதோடு என் போனை வாங்கி, அரசு நூலகத்தின் இணையப் பக்கத்தைத் திறந்து வைத்துக் கொடுத்தார். அட்டையில் இருக்கிற எண்ணைப் போட்டால் திறக்கும். உள்ளே பழைய புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். ஓரத்தில் பூச்சி தின்ற ஓட்டைகூடத் தெரியும். அந்த ஓட்டைகளைப் பார்த்ததும் கை தன்னால் வேப்பிலையைத் தேடியது எனக்கு. அவ்வளவு வருடம் அலமாரியில் போட்ட கை.

பிள்ளை குட்டி எனக்கு இல்லை. வீட்டுக்காரர் போன பிறகு, பூந்தமல்லியைத் தாண்டி, பாரிவாக்கம் போகிற வழியில் ஒரு வரிசை வீட்டில் ஓர் அறை எடுத்துக்கொண்டேன். பக்கத்து அறையில் ஒரு முஸ்லிம் குடும்பம். அவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அந்தம்மா திருமழிசை எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை, பெரும்பாலும் மதிய ஷிப்ட். ஒரே பெண், ஆறாம் வகுப்பு. அரசுப் பள்ளியில் படிக்கிறது.

நான் குடிவந்த இரண்டாவது வாரம் அந்தம்மா வந்து நின்றாள்.

“இன்னாக்கா, நீ லைப்ரரில இருந்தவளாமே? ஓனரம்மா சொல்லிச்சு. எம் பொண்ணு ஸ்கூலு வுட்டு வந்தா ஒண்டியா கீது. அதுக்குக் கொஞ்சம் ஊட்டுப்பாடம் பாத்துக்கோயேன்.”

“அதுக்கின்னா, வரச் சொல்லு.”

“டைரில கையெழுத்து கேக்குறாங்கக்கா. நான் வர்றதுக்குள்ள அது தூங்கிடுது. நீயே போட்டுடு. யாருன்னு கேட்டா பெரிம்மான்னு சொல்லிடும்.”

லைப்ரரியில் என்ன வேலை பார்த்தேன் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கையெழுத்து என்றதும் எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

பெண் சாயங்காலம் நாலரைக்கு வரும். தட்டில் இரண்டு பிஸ்கட் வைப்பேன். சின்ன மேஜை மேல் என் போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்துக்கொள்ளும். பாடத்தைப் படிக்கும், நான் தலையாட்டுவேன். எழுதும், நான் நோட்டை வாங்கிப் பார்ப்பேன். எழுத்து வரிசையாக இருக்கிறதா, அடித்தல் திருத்தல் இருக்கிறதா என்று பார்க்க எனக்குத் தெரியும். “இது இன்னா இப்படிக் கோணிகினு போவுது?” என்பேன். அழித்துவிட்டு எழுதும்.

பள்ளி திறந்த புதிதில், உங்கள் ஊர் ஏரியைப் பற்றி எழுதி வா என்று சொல்லியிருந்தார்கள். இந்த மாதிரி வேலைக்கு எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் நேராகக் கம்ப்யூட்டர் கடைக்குப் போவார்கள். தலைப்பைச் சொன்னால் போதும், கடைக்காரனே படத்தோடு அச்சடித்து, ஸ்பைரல் போட்டுக் கொடுத்துவிடுவான். உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்கினவருக்கும் தெரியாது, கொடுத்தவனுக்கும் தெரியாது. ஆனால் இந்த வகுப்பு டீச்சர் அதையெல்லாம் வாங்க மாட்டாராம். கையால் எழுத வேண்டும், எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் பார்த்தோம் என்று அடியில் குறிக்க வேண்டும்.

அதனால் நூலகப் பக்கத்தில் தேடினோம். பெண் ஏரி என்று தட்டியதும் பத்துப் பதினைந்து புத்தகம் வந்து நின்றது. பழைய ஜில்லா புத்தகம் ஒன்று கிடைத்தது. பக்கமெல்லாம் வெந்தயக் கலர். மதகு எங்கே, மிச்சத் தண்ணீர் வழிகிற கலங்கல் எங்கே, எந்த ஏரி நிரம்பி எந்த ஏரிக்குப் போகும் என்று அதில் இருந்தது. பெண் இரண்டு விரலைப் போன் மேல் வைத்து விரித்தது. எழுத்து பெரிதானது. இன்னும் விரித்தது. போன் முழுக்க ஒரே ஒரு வார்த்தை நின்றது, கடைப் பலகை மாதிரி.

“இன்னாடி இது, இவ்ளோ பெரிசா?”

“இப்டி வச்சாத்தான் நல்லா கீது பெரிம்மா.”

“யாருக்கு நல்லா கீது?”

அது என்னைப் பார்த்துச் சிரித்தது.

அந்தச் சிரிப்பை நான் வேறு விதமாக எடுத்துக்கொண்டேன். இந்தப் பொடிசு என்னைக் கண்டுபிடித்துவிட்டது, எனக்குப் படிக்க வராது என்று தெரிந்துகொண்டு எனக்காக எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறது என்று நினைத்தேன். உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வங்கியில் மை டப்பாவை நகர்த்துகிறவர்களிடம் வருகிற அதே கோபம்.

“எனுக்குப் படிக்கத் தெரியாதுன்னு நெனச்சியா? புக்குல இன்னா அளவுல கீதோ அந்த அளவுலயே படி. இனிமே வெரல வச்சி இழுத்தே, போனைத் தர மாட்டேன்.”

“சரி பெரிம்மா.”

அத்தோடு அது விரலை வைக்கவில்லை. சொன்ன பேச்சைக் கேட்கிற குழந்தை. அதற்குப் பதிலாகப் போனை மூக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். “உள்ள பூந்துடப் போற, பாத்து” என்று கேலி செய்வேன். அதுவும் சிரிக்கும். ஒரு பக்கம் படிக்க முன்பைவிட இரண்டு மடங்கு நேரம் ஆனது. வீம்பு செய்கிறது என்று நினைத்தேன்.

ஏரி கட்டுரையின் அடியில் பக்க எண் எழுதியிருந்தது. முப்பத்து மூன்று. போனில் நான் பார்த்தேன், எண்பத்தெட்டு. எண் எனக்குத் தப்பாது என்று சொன்னேனே. “கண்ணை எங்க வச்சிகினு எழுதுற?” என்று தலையில் ஒரு தட்டுத் தட்டினேன். என் வாயாலேயே அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன். கேட்டும் எனக்கு உறைக்கவில்லை.

அந்த மாதம்தான் டைரியில் சிவப்பு மை வந்தது. முதல் முறை மூன்று வரி. வேகமாக எழுதின கையெழுத்து, ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்டு. நான் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தேன். பெண்ணைப் படிக்கச் சொல்லியிருக்கலாம். நூலகத்தை முழுசாகப் படித்தவள் ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பதா? அதுவும் வாயைத் திறக்கவில்லை. டீச்சரின் எழுத்து அதற்கும் புரியவில்லை என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. நல்லதாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பேனாவை எடுத்து, முதல் எழுத்தைப் பெரிதாகப் போட்டு, வாலை இழுத்து, கோட்டுக்குக் கீழே புள்ளி வைத்தேன். அடுத்த வாரம் இன்னொன்று. அதற்கடுத்தது இரண்டே வரி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தது. மூன்றுக்கும் என் கையெழுத்து.

பிறகு பள்ளியிலிருந்து அந்தம்மாவுக்கே போன் வந்துவிட்டது. ஒருநாள் லீவு போட்டாள். “நீயும் வாக்கா, நாலு எழுத்து தெரிஞ்சவ கூட இருந்தா எனக்குத் தைரியமா இருக்கும்” என்றாள். நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போனேன்.

ஆசிரியர் அறை வாசலில் நின்றோம். டீச்சர் சின்ன வயதுதான். டைரியைப் பிரித்து வைத்துக்கொண்டு, குரல் உயர்த்தாமல் கேட்டார்.

“மூணு தடவை எழுதி அனுப்பினேன்மா. மூணுலயும் கையெழுத்து இருக்கு. படிச்சுட்டு ஏன் வரல?”

“இன்னா எழுதுனீங்க டீச்சர்?”

டீச்சர் படித்தார். முதலாவது, இவளுக்குக் கரும்பலகையில் எழுதுவது தெரியவில்லை, கண்ணைப் பரிசோதிக்கவும். இரண்டாவது, பள்ளியில் கண் மருத்துவ முகாம், பெற்றோர் வந்து ஒப்புதல் தர வேண்டும். மூன்றாவது, முகாம் முடிந்துவிட்டது, நீங்களே உடனே அழைத்துப் போகவும், தாமதிக்க வேண்டாம்.

அந்தம்மா மகள் பக்கம் திரும்பினாள். “பெரிம்மா படிச்சிருந்தா எங்கிட்ட சொல்லாமலா இருக்கும்? நீயே போட்டியாடி? பெரிம்மா கையெழுத்தப் பாத்துப் பாத்துப் போட்டுக் கத்துகினியா? படிக்கிறதுக்கு வலிக்குது, திருட்டுத்தனம் மட்டும் வருதா?”

பெண் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது. என்னைப் பார்க்கவே இல்லை. ஒருமுறை பார்த்திருந்தால்கூட அவள் அம்மாவுக்கு விளங்கியிருக்கும். அது பார்க்கவில்லை.

நான் பேசாமல் இருந்தேன். எவ்வளவு நேரம் என்றால், அந்தம்மாவின் கை அந்தக் குழந்தையின் முதுகில் விழுகிற வரைக்கும். ஓர் அடி விழுந்துவிட்டது. இரண்டாவதுக்குக் கை ஓங்கியபோதுதான் எனக்கு வாய் வந்தது. நூலகத்தம்மா இந்த இடத்தில் என்னை நிமிர்ந்து பார்க்கிறார். எழுதுங்கள் அம்மா, அப்படித்தான் நடந்தது.

“அதை அடிக்காதே. நாந்தான் போட்டேன்.”

“நீ போட்டியா? படிச்சுட்டா போட்டே?”

“எனுக்குக் கையால எழுதுனது படிக்க வராது.”

“நீ லைப்ரரில...”

“பெருக்கிகினு இருந்தேன்.”

அறைக்குள் இருந்த மற்ற டீச்சர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தம்மா என்னையே பார்த்தாள். “அப்போ இத்தினி நாளா ஊட்ல உக்காந்து இன்னாதான் பாத்துகினு இருந்தே?” என்றாள்.

“தலையாட்டிகினு இருந்தேன்” என்றேன்.

திரும்பி வரும்போது பஸ் நிறுத்தத்தில் மூன்று பேரும் தள்ளித் தள்ளி நின்றோம். பஸ் ஒன்று திருப்பத்தில் வந்தது. எனக்கு நம்பர் தெரிந்தது. ஆபரேஷன் செய்த கண் என்னுடையது. பெண்ணிடம் மெதுவாக, “இது எந்த வண்டி, சொல்லு” என்றேன். அது கண்ணை இடுக்கியது. வண்டி பக்கத்தில் வந்து நின்ற பிறகும் இடுக்கிக்கொண்டே இருந்தது.

அந்தம்மா பார்த்துவிட்டாள். குரல் இறங்கிப் போனது. “இத்தினி நாளு எப்டிம்மா பஸ்ஸு ஏறுன?”

“கூடப் படிக்கிற பசங்க எதுல ஏறுவாங்களோ அதுல ஏறுவேம்மா.”

அப்படியே நின்ற இடத்தில் மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். அந்த பஸ்ஸை விட்டுவிட்டோம்.

அரசு கண் ஆஸ்பத்திரிக்கு அவளும் அவள் வீட்டுக்காரரும் அழைத்துப் போனார்கள். என்னைக் கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை. டாக்டர் சொன்னதை அவள்தான் பிறகு வாசலில் நின்று, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். இரண்டு கண்ணுக்கும் கண்ணாடி. வலது கண் சரியாகிவிடும். இடது கண் ரொம்ப நாளாக வேலை செய்யாமல் ஓய்ந்து கிடக்கிறது. நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடிவைத்து, இடது கண்ணை வைத்தே படிக்கப் பழக்க வேண்டும். முழுப் பார்வை வருமா என்று இப்போது சொல்ல முடியாது. வயது ஏற ஏறக் கஷ்டம், ஒவ்வொரு மாதமும் கணக்கு, முன்னாடியே கூட்டி வந்திருக்க வேண்டும்.

முன்னாடியே என்ற வார்த்தையைச் சொல்லும்போது மட்டும் அவள் என்னைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

டாக்டர் சொன்னது பல வருடத்து ஓய்வு என்றும், அதில் என் பங்கு சில வாரம்தான் என்றும் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். கணக்கு சரிதான். ஆனால் அந்தக் குழந்தை தனக்குத் தெரிகிற மாதிரி எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ள ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தது. அதைப் பிடுங்கினது நான். அதற்கு எந்தக் கணக்கும் இல்லை.

ஒரு மாதம் யாரும் வரவில்லை. நாலரை மணிக்குத் தட்டில் பிஸ்கட்டை எடுத்து வைப்பேன், பிறகு டப்பாவிலேயே போட்டுவிடுவேன். ஒருநாள் நிழல் தட்டியது. பெண் நின்றுகொண்டிருந்தது. தடித்த கண்ணாடி, வலது கண்ணுக்கு மேல் பஞ்சும் பிளாஸ்திரியும்.

“போன் வேணும் பெரிம்மா. அம்மா போன் அம்மாவாண்ட கீது.”

“அம்மா சொல்லிச்சா, இங்க வரச் சொல்லி?”

“போவாதேன்னு சொல்லல.”

போனைக் கொடுத்தேன். நூலகப் பக்கத்தைத் திறந்து, அதே ஏரி புத்தகத்தை எடுத்தது. என் முகத்தைப் பார்த்தது. விரலைத் தூக்கியபடி காத்திருந்தது.

“எவ்ளோ பெரிசா வேணுமோ அவ்ளோ பெரிசா இழுத்துக்கோ” என்றேன்.

விரித்தது. ஒரு வார்த்தை வந்து நின்றது. பழகாத கண்ணால் அது ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடிப் படித்தது. பக்கத்தில் உட்கார்ந்து நானும் மனசுக்குள் கூட்டினேன். அது ம என்னும்போது நானும் ம-வில் இருந்தேன். அது த என்னும்போது நான் இன்னும் ம-விலேயே நின்றுகொண்டிருந்தேன். கடைசி எழுத்தில் இரண்டு பேரும் சேர்ந்துவிட்டோம், மதகு.

“எனுக்குப் படிக்க வராதுன்னு உனுக்கு எப்போ தெரியும்?” என்று கேட்டேன்.

“மொதல் நாளே தெரியும். நான் பக்கத்த முடிக்கிறதுக்கு முன்னாடியே தலையாட்டிடுவீங்க.”

“அப்போ ஏன் சொல்லல?”

“உங்களுக்குக் கையெழுத்து போடப் புடிக்கும்னு.”

டப்பாவைத் திறந்து தட்டில் இரண்டு பிஸ்கட் எடுத்து வைத்தேன்.

இப்போது தினமும் வருகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரி. போன முறை பலகையில் ஒரு வரிசை கூடுதலாகப் படித்ததாம். அதற்கு முந்தின முறை எதுவும் மாறவில்லை. அந்தம்மா என்னோடு பேசுகிறாள். தண்ணீர் வந்ததா, மழை வருமா என்கிற அளவுக்கு. டைரியில் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அவளே எல்லா நாளுக்கும் கையெழுத்துப் போட்டுவந்தாள். அதுதான் சரி.

போன வாரம் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை. பெண் டைரியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தது. “அம்மா உங்களையே போடச் சொல்லிச்சு. ஆனா படிச்சுட்டுப் போடணுமாம்.”

டீச்சர் சிவப்பு மையில் நாலு வரி எழுதியிருந்தார். கோத்து எழுதாமல், எழுத்துக்கு எழுத்து இடம் விட்டு எழுதியிருந்தார். யாருக்காக அப்படி எழுதினார் என்று எனக்குத் தெரியும். இந்த முறை எனக்குக் கோபம் வரவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அடுப்பில் அரிசி கொதித்தது, இறக்கி வைத்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தேன். இரண்டு வரி முடிந்தது. ஏரி கட்டுரையை மறுபடி எழுதச் சொன்னதும், எழுதியதும், பக்க எண் சரியாக இருந்ததும் அந்த இரண்டு வரியில் இருந்தது. மூன்றாவது வரியில் ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டேன். வெளிச்சம் போய்விட்டது, கண்ணும் நீர் கட்டிக்கொண்டது.

“நான் படிச்சுச் சொல்றேன் பெரிம்மா, போட்டுடுங்க. கையெழுத்து இல்லன்னா நாளைக்கி டீச்சர் நிக்க வைப்பாங்க.”

“நிக்க வச்சா நில்லு. பெரிம்மா இன்னும் ரெண்டு வரி படிக்கலன்னு டீச்சராண்ட சொல்லு” என்று டைரியை மூடி அதன் கையில் கொடுத்தேன்.